சாணிக்குழியில் நாற்பத்தொரு கிண்ணம்

மரக்காணம்
21-10-2005

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கப் பொறுமையில்லை. போனில் சொல்லலாம் என்றால், நீ தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் காயின் போன் அறுந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

புரட்டாசிக் கடைசியில் செவலையின் கன்று செத்துப்போனது உனக்குத் தெரியும். கழிச்சல் என்று மாட்டு டாக்டர் சொன்னார். நானும் நம்பினேன். நேற்றுக் காலையில் கொல்லைச் சாணிக்குழியில் பார்த்தால், வைக்கோலும் சாணியும் மட்கிக் கிடக்கும் இடத்தில் சின்னச் சின்னக் கிண்ணங்கள். சுண்டுவிரல் நகத்தின் அளவுகூட இல்லை. வெளியே பழுப்பு, உள்ளே ஈயம் பூசியதுபோல் மினுமினுப்பு. ஒவ்வொன்றிலும் உடைத்த கறுப்பு உளுந்துபோல நாலைந்து முட்டை. யாரோ உட்கார்ந்து பொறுமையாகப் படையல் வைத்தது மாதிரி இருக்கிறது. நாற்பத்தொன்று எண்ணினேன்.

பக்கத்து வீட்டு ஆண்டாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நாப்பத்தொண்ணா? மண்டலக் கணக்கும்மா அது. வயித்தெரிச்சல்ல வச்சிருக்காங்க" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இது செய்வினை.

சாணிக்குழிக்குப் போகிறவள் இந்த வீட்டில் ஒருத்திதான். வைகாசியில் வந்த மருமகள் கலைமதி. அவளிடம் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. நீ முப்பது வருஷம் பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தியவன். ஒன்றே ஒன்று சொல். இப்படி ஒரு பொருள் தானாக முளைக்குமா, யாராவது வைத்ததா? தீபாவளிக்கு முன்னால் தெரிய வேண்டும். ஒரே வரி போதும்.

சுலோசனா


வானூர்
25-10-2005

அன்புத் தங்கை சுலோசனாவுக்கு,

உன் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. மூன்று முறை படித்தேன். பதில் எழுதி இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

நீ விவரித்திருப்பதைப் பார்த்தால் அது ஒரு வகைக் காளானாக இருக்கக்கூடும் என்று தோன்றுகிறது. சாணத்திலும் மட்கும் செடிகொடிகளிலும் மழைக்காலத்தில் வளரும் சிறு கிண்ணக் காளான் ஒன்று உண்டு. சயாத்தஸ் என்பது அதன் பெயர். கூட்டுக்குள் முட்டை இருப்பதுபோல் தெரிவதால் பறவைக்கூட்டுக் காளான் என்றும் சொல்வார்கள். அந்த முட்டைகளுக்குள்தான் அதன் வித்துகள் இருக்கும். ஆனால் கல்லூரி நாளில் ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் ஊறிக் கிடந்ததைப் பார்த்ததோடு சரி. உயிரோடு முளைத்து நான் பார்த்ததில்லை.

எனவே சில விவரங்கள் தேவைப்படுகின்றன. கிண்ணத்தின் உட்புறம் வழவழப்பா, வரிவரியாக இருக்கிறதா? வெளிப்புறத்தில் மயிர்போல ஏதாவது உண்டா? முட்டையின் அடியில் மெல்லிய இழை ஒட்டியிருக்கிறதா? நான்கைந்து கிண்ணங்களைச் சாணியோடு பெயர்த்து, தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அனுப்பினால் லென்ஸில் பார்த்துவிடுவேன்.

கண்ணால் பார்க்காமல், அதை எவரும் வைக்கவில்லை என்று நான் உறுதியாகச் சொல்ல இயலாது. வைத்தார்கள் என்றும் சொல்ல இயலாது. ஒருவேளை காளானாகவே இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். மாதிரி வந்தபின் விரிவாக எழுதுகிறேன். அதுவரை அந்தப் பெண்ணை ஒன்றும் கேட்டுவிடாதே.

உன் அண்ணன்
ஆதிமூலம்


மரக்காணம்
5-11-2005

அண்ணனுக்கு,

ஒரு வரி கேட்டேன். இரண்டு பக்கம் எழுதிவிட்டு என்னிடமே மூன்று கேள்வி கேட்கிறாய். இது என்ன, பரீட்சையா?

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அனுமந்தை சாலையில் குறி சொல்லும் அரசப்பனிடம் போனேன். ஆண்டாளும் வந்தாள். அவர் முழுவதையும் படிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "எவரும் வைக்கவில்லை என்று நான் உறுதியாகச் சொல்ல இயலாது" என்ற இடம் வந்ததும் கையைத் தூக்கினார். "நிறுத்தும்மா. படிச்சவரே சொல்லிட்டாரு. இதுக்குமேல நான் இன்னா சொல்றது?" என்றார்.

தலைதீபாவளிக்குக் கலைமதியும் என் பிள்ளை அறிவழகனும் அவள் பிறந்த வீட்டுக்கு, இரும்பைக்குப் போனார்கள். அவனை மட்டும் திரும்பி வரச் சொல்லியிருந்தேன். வந்துவிட்டான். அவளை நான் துரத்தவில்லை. பிறந்த வீட்டுக்குப் போனவளை அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

மாதிரி எல்லாம் கேட்காதே. நான் அதைத் தொடமாட்டேன். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். மழை வந்து அணைத்துவிட்டது. மறுநாள் பார்த்தால் இன்னும் பன்னிரண்டு.

சுலோசனா


வானூர்
10-11-2005

அன்புள்ள சுலோசனா,

நீ செய்திருப்பது அநியாயம். என் வாக்கியத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் எப்படி? அதற்கு அடுத்த வரியைப் படித்தாயா? வைத்தார்கள் என்றும் சொல்ல இயலாது என்று எழுதியிருக்கிறேனே! பெரும்பாலும் காளான்தான் என்றும் எழுதியிருக்கிறேன். அரசப்பன் கையைத் தூக்கினால் நீ நிறுத்திவிடுவாயா?

நான் ஏன் இப்படித் தயங்குகிறேன் என்று உனக்குத் தெரியாததல்ல. 1978-ல் கணக்கு ஆசிரியர் ராமதாஸ் தன் தோட்டத்துக் காளான் ஒன்றைக் கொண்டுவந்து, "ஆதிமூலம், இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்டார். பார்த்தவுடனே "தாராளமாக" என்றேன். அன்று அவர் வீட்டில் மூன்று பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைத்துவிட்டார்கள் என்றாலும் அவர் மனைவி அதற்குப் பிறகு என்னைக் கண்டால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவார். அன்றிலிருந்து பார்த்துச் சோதிக்காத எதையும் உறுதியாகச் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதற்கும் ஒருவேளை நீ கோபப்படலாம். இருந்தாலும் கேட்கிறேன். கலைமதியைக் கூப்பிட்டுக்கொள். முடிவு தெரியும்வரையாவது.

ஆதிமூலம்


மரக்காணம்
19-11-2005

அண்ணனுக்கு,

ராமதாஸ் வீட்டுக் காளான் கதையை எத்தனை தடவைதான் சொல்வாய்? இருபத்தேழு வருஷமாக அந்த மூன்று பேரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். நீதான் இன்னும் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறாய்.

எனக்குத் தெரியாமல் அறிவழகன் புதன்கிழமை யூரியா சாக்கில் சாணியை அள்ளிக்கொண்டு உன்னிடம் வந்தானாமே. ஆண்டாள் வந்து சொல்லித்தான் தெரியும். என் பிள்ளையும் என் அண்ணனும் சேர்ந்து எனக்குப் பின்னால் சாணி கடத்துகிறீர்கள்.

அவன் என்னோடு பேசி இரண்டு வாரமாகிறது. உப்பளத்தில் வேலையில்லை. உப்பையெல்லாம் அம்பாரம் போட்டு ஓலை மூடியாகிவிட்டது. நாள் முழுக்க முற்றத்தில் உட்கார்ந்து மழையைப் பார்க்கிறான். சோறு போட்டால் "வச்சிட்டுப் போ" என்கிறான்.

அதனால் கடைசியாகக் கேட்கிறேன். இப்போதுதான் சாணியே உன் கையில் இருக்கிறதே. பார்த்துவிட்டு, காளான் என்றால் காளான் என்று ஒரே வரி எழுது. ஆண்டாளிடம் காட்டுகிறேன், அரசப்பனிடம் காட்டுகிறேன். அவளை நானே போய் அழைத்து வருகிறேன். ஒரு வரி. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

சுலோசனா


வானூர்
11-12-2005

அன்புள்ள சுலோசனா,

பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். கழுவெளி ஏரி நிரம்பிச் சாலையில் தண்ணீர் போனதால் தபால் போகவில்லை என்பது ஒரு காரணம். உண்மையான காரணம் அதுவல்ல. சோதனை முடியாமல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அறிவழகன் கொண்டுவந்த சாணியில் கிண்ணங்கள் வரும்வழியிலேயே நசுங்கிவிட்டன. பாவம், பஸ்ஸில் அவன் பட்ட பாடு! "ஏம்பா, மூட்டையில இன்னா?" என்று கண்டக்டர் கேட்டிருக்கிறார். "சாணி" என்றிருக்கிறான். "வானூர்ல மாடு இல்லியா?" என்று கேட்டாராம். "இருக்குது. எங்க மாமாவுக்கு எங்க வீட்டுச் சாணிதான் வேணுமாம்" என்றானாம். பஸ் முழுக்கச் சிரித்திருக்கிறது. என்னிடம் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை.

நசுங்கியதை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்று, அந்தச் சாணியை இரண்டு மண்சட்டிகளில் பிரித்துப் போட்டேன். ஒன்றைத் திறந்து வைத்தேன். மற்றதை மெல்லிய துணியால் மூடிக் கட்டி, முடிச்சில் அரக்கு வைத்தேன். துணிக்கு மேலேயே தண்ணீர் தெளித்தேன். இருபத்திரண்டாம் நாள், வியாழக்கிழமை காலையில், இரண்டிலும் கிண்ணங்கள். மூடிய சட்டியில் ஒன்பது. அரக்கு உடையவில்லை. சட்டிகளை வைத்த அறையின் சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

அன்று மாலை இரும்பைக்குப் போனேன். இதற்கு முன் இரண்டு முறை தெருமுனைவரை போய்த் திரும்பியிருக்கிறேன். மூன்றாம் முறைதான் உள்ளே போக முடிந்தது. கலைமதி பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.

"வாங்க பெரியப்பா. அத்தை அனுப்பிச்சாங்களா?"

"இல்லம்மா. நானாத்தான் வந்தேன்."

உள்ளே அழைத்துப் போனாள். காபி கொடுத்தாள். கிண்ணங்களைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டேன். சிரித்துவிட்டாள்.

"நான் வைக்கணும்னா சாணிக்குழியில எதுக்குப் பெரியப்பா வைக்கப் போறேன்? தெனம் அள்ளிக் கொட்றது நான்தானே. நானே வச்சு நானே அது மேல சாணி கொட்டுவனா?"

அப்புறம் அவளாகவே சொன்னாள். "மொதல்ல அது கிண்ணமே இல்ல. தவிட்டு நெறத்துல குட்டி உருண்டை. ரெண்டு நாள்ல மேல வெள்ளையா ஒரு மூடி வந்துச்சு, ஜாடிக்குத் துணி கட்டுன மாதிரி. அப்பறம் அது பிஞ்சு உள்ள முட்டை தெரிஞ்சிது. எனக்கு ஒரே சந்தோஷம். நான்தான் அத்தையைக் கூப்பிட்டேன், 'ஓடியாங்க அத்தை, குட்டிக் கிண்ணம் பாருங்க'ன்னு."

சுலோசனா, அவள்தான் உன்னைக் கூப்பிட்டுக் காட்டினாள் என்பதை எந்தக் கடிதத்திலும் நீ எழுதவில்லையே! அந்த மூடியைப் பற்றிப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். உன்னிடம் கேட்க மறந்துபோனேன். அவள் நான்கு நாள் தினமும் நின்று பார்த்திருக்கிறாள்.

ஆகவே அது சயாத்தஸ் காளான்தான் என்று ஏறக்குறைய உறுதியாகக் கருதலாம். எந்தச் சிற்றினம் என்பது மட்டும் இன்னும் தெளிவாகவில்லை.

ஆதிமூலம்


மரக்காணம்
18-12-2005

அண்ணனுக்கு,

ஏறக்குறையவா!

நான் ஒரு வரி கேட்டு, மூன்று வாரம் கழித்து எழுதுகிறாய். அந்த மூன்று வாரமும் நீ சாணிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்திருக்கிறாய். இங்கே என்ன நடந்தது தெரியுமா? நாலாம் தேதி அவள் அப்பா பலராமன் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. தெருவில் நின்று, "எம் பொண்ணு சூனியக்காரியா? சொல்லுங்கம்மா, ஊர் கேக்கட்டும்" என்று கத்தினார். எல்லா வீட்டிலிருந்தும் வந்து நின்றார்கள். நான் என்ன செய்வேன்? உன் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினேன். "நான் சொல்லலைங்க, எங்க அண்ணனே எழுதியிருக்காரு" என்றேன். ஆண்டாளுக்கு அந்த வரி மனப்பாடம். அவளே சொன்னாள். அவர் கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆமாம், அவள்தான் கூப்பிட்டுக் காட்டினாள். அதற்கென்ன? வைத்தவளே காட்டினால் சந்தேகம் வராது என்று ஆண்டாள் சொன்னாள். உன் சட்டியில் முளைத்ததையும் அவளிடம் சொன்னேன். "சாணியோட சேர்ந்து வினையும் போயிருக்குது. உங்க அண்ணனைப் பத்திரமா இருக்கச் சொல்லு" என்கிறாள். இப்படிச் சொல்கிறவளுக்கு நான் என்ன பதில் சொல்ல? ஏறக்குறைய என்றா?

பொங்கலுக்கு அவர்கள் வீட்டிலிருந்து தலைப்பொங்கல் சீர் வர வேண்டும். வரமாட்டார்கள். அவளும் வரமாட்டாள். தைக்குப் பிறகு பெரியவர்கள் உட்கார்ந்து பேசிக் கல்யாணத்தை அத்துவிடலாம் என்று பேச்சு கிளம்பிவிட்டது. அறிவழகன் சட்டைகளை எல்லாம் மடித்துப் பையில் வைத்திருக்கிறான். எங்கே என்று கேட்டால் சொல்வதில்லை.

இனிமேல் நான் தெருவில் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. அது உன் சொல்தானே. வேண்டுமென்றால் நீ வந்து வாங்கிக்கொள்.

சுலோசனா


வானூர்
2-1-2006

சுலோசனாவுக்கு,

இந்தக் கடிதத்தை அரசப்பனிடமும் ஆண்டாளிடமும் முழுவதுமாகப் படித்துக் காட்டு. யாராவது கையைத் தூக்கினாலும் நிறுத்தாதே.

உன் சாணிக்குழியில் முளைத்தது காளான். அதைக் கலைமதி வைக்கவில்லை. யாரும் வைக்கவில்லை. உன் கன்று கழிச்சலில் செத்தது.

அக்டோபரில் நான் எழுதிய கடிதம் தவறு. நீ கேட்டது ஒரு பெண்ணைப் பற்றி. நான் பதில் எழுதியது காளானைப் பற்றி. என் பெயருக்குப் பழுது வரக் கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதிய ஒரு வரியால் அவள் இரண்டு மாதமாகப் பிறந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். இது எனக்குத் தெரிந்தும், எந்தச் சிற்றினம் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

நேற்றுப் பலராமன் வீட்டுக்குப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். கலைமதி, "நான் வர்றேன் பெரியப்பா. ஆனா அத்தை கூப்பிடாம உள்ள வரமாட்டேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் அவளை அழைத்துக்கொண்டு வருகிறேன். அரக்கு வைத்த சட்டியையும் கொண்டு வருகிறேன். குழியருகே நின்று எல்லார் முன்னாலும் சொல்கிறேன். அரசப்பனையும் வரச் சொல். கூட்டத்தில் பேசினால் எனக்குக் குரல் வராது என்று உனக்குத் தெரியும். வராவிட்டாலும் வருகிறேன்.

ஆதிமூலம்


மரக்காணம்
19-1-2006

அண்ணனுக்கு,

பத்து மணி பஸ் என்று எழுதிவிட்டு எட்டரை பஸ்ஸிலேயே வந்து, சாலைப் புளியமரத்தடியில் அந்தப் பெண்ணையும் சட்டியையும் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றாயாமே. நேற்றுத்தான் அவள் சொன்னாள். ஏன் பெரியப்பா என்று கேட்டதற்கு, "பத்து மணின்னு எழுதிட்டேம்மா" என்றாயாம். உன்னை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

பேச வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு வந்தவன் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருவானா? அந்தத் தாளை எட்டவும் கிட்டவும் பிடித்துப் பார்த்தாய், ஓர் எழுத்தும் தெரியவில்லை. நல்லவேளை, அதை மடித்துப் பையில் போட்டுவிட்டு, "அது காளான். இவ வைக்கல. நான் எழுதுனது தப்பு" என்று மூன்றையும் சொல்லிவிட்டாய். கடைசி ஆளுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

அதற்குமேல் நாற்காலியில் ஏறி நின்று, பேனாவுக்கு மை ஊற்றும் குழாயால் சட்டிக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவாய் என்று யார் எதிர்பார்த்தது? முதல் சொட்டு மண்ணில். இரண்டாவது உன் செருப்பில். "இன்னா சார், அபிஷேகமா?" என்று அரசப்பன் குனிந்தார் பார், அப்போது மூன்றாவது சொட்டு கிண்ணத்துக்குள் விழுந்து, முட்டை துள்ளி, அவர் நெற்றித் திருநீற்றில் போய் ஒட்டிக்கொண்டது. "மழைதான் இதை வீசும். புல்லில் ஒட்டும். மாடு மேயும். சாணியில் திரும்ப முளைக்கும்" என்று நீ பாடம் நடத்தியதை அவர் கேட்கவில்லை. பம்புக்கு ஓடிவிட்டார். முதலில் சிரித்தவள் ஆண்டாள்தான். இப்போது கேட்டால், "நான் அப்பவே காளான்னுதான் நெனச்சேன்" என்கிறாள்.

எல்லாரும் போன பிறகும் கலைமதி கொல்லைப் படலுக்கு வெளியிலேயே நின்றாள். படலைத் திறந்து பிடித்தேன். "இன்னும் கஞ்சி குடிக்கலியே நீ, உள்ள வா" என்றேன். அது கூப்பிட்டதுதானா என்று உன் முகத்தைப் பார்த்தாள். நீ தலையாட்டினாய். வந்துவிட்டாள்.

சீர் வந்தது. கரும்பு, பானை, எல்லாம். பலராமன் இறக்கி வைத்துவிட்டு என்னோடு பேசாமலே போனார். அது நான் பட வேண்டியது.

இப்போது ஒரு விஷயம். அறிவழகன் அளத்துக்குப் பாத்தி மிதிக்கப் போகத் தொடங்கிவிட்டான். குழியை அள்ளி வயலில் கொட்ட நாளைக்கழித்து வண்டி வருகிறது. இவள் என்னடாவென்றால், வடக்கு மூலையை அள்ள விடமாட்டேன் என்கிறாள். "அடுத்த மழைக்குத் திரும்ப வரும் அத்தை. கொஞ்சம் வுட்டு வைங்க, ரெண்டு பேருமா பாக்கலாம்" என்கிறாள். நான் சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். வண்டிக்காரன் கேட்டால் என்ன சொல்வது? காளானுக்காகச் சாணியை விட்டு வைத்த பைத்தியக்காரி என்று ஊர் சொல்லாதா? அதுவும் விட்டு வைத்து, அது வராமல் போய்விட்டால்?

அதனால் கேட்கிறேன். அடுத்த மழைக்கு அது வருமா? வழவழப்பா வரியா என்றெல்லாம் என்னைத் திருப்பிக் கேட்காதே. ஒரே வார்த்தையில் எழுது. அதற்கு மேல் இருந்தால் படிக்காமல் அடுப்பில் போட்டுவிடுவேன். வண்டியை ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்கிறேன்.

சுலோசனா


வானூர்
23-1-2006

சுலோசனாவுக்கு,

வரும்.

ஆதிமூலம்